இலகு வேட்டைத் துப்பாக்கியின் பின்னுதைப்பு

இலகு வேட்டைத் துப்பாக்கியின் பின்னுதைப்பு என்பது, எடை குறைந்த வேட்டை ரைபிள் ஒன்றைச் சுடும்போது அது சுடுபவரின் தோளை நோக்கிப் பின்னால் தள்ளப்படுவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது உதை, பின்னடி எனவும் கூறப்படும். ஒரே வகைத் தோட்டாவைப் பயன்படுத்தும் இரு துப்பாக்கிகளுள் எடை குறைந்ததே கூடுதலாக உதைக்கும். மலைகளிலும் அடர்காடுகளிலும் நெடுந்தூரம் நடக்கும் வேட்டையாளர்கள் எடை குறைந்த துப்பாக்கியை விரும்புகின்றனர். அவ்வாறு நடையில் மிச்சமாகும் உழைப்புக்கு, சுடும் நொடியில் தோளும் மனமும் விலை கொடுக்க வேண்டியுள்ளது.

பின்னுதைப்பினால் தோளில் ஏற்படும் வலியை விட, அவ்வலியை எதிர்பார்த்துச் சுடுபவர் தம்மையறியாமல் காட்டும் துணுக்கமே பெரிய சிக்கலாகக் கருதப்படுகிறது. இத்துணுக்கத்தால் குறி தவறும்போது விலங்கு உடனடியாக இறக்காமல் காயத்துடன் ஓடி, பல மணி நேரமோ பல நாட்களோ துன்புற்று இறக்க நேரிடலாம். எனவே பின்னுதைப்பைச் சமாளித்தல் என்பது சுடுபவரின் வசதி பற்றியது மட்டுமன்று, வேட்டை அறம் பற்றியதும் ஆகும்.

இயற்பியல் விளக்கம்

பின்னுதைப்பு நியூட்டனின் மூன்றாம் விதியின் நேரடி விளைவாகும். தோட்டாவினுள் உள்ள வெடிமருந்து எரிந்து உண்டாகும் வளிமம் குண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதே அளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிய திசையில் கிடைக்கிறது. குண்டு மட்டுமன்றி, அதன் பின்னே குழல்வாயிலிருந்து பீறிடும் வளிமமும் இந்த உந்தத்தில் பங்கு கொள்கிறது. ஆற்றல் மிக்க ரைபிள்களில் வளிமத்தின் சராசரி வேகம் குண்டின் வேகத்தைப் போல் ஏறத்தாழ 1.75 மடங்கு எனக் கொண்டு கணக்கிடுவது வழக்கம்.

கணக்கிடும் முறை எளியது. குண்டின் நிறையை அதன் வேகத்தால் பெருக்க வேண்டும். வெடிமருந்தின் நிறையை வளிமத்தின் வேகத்தால் பெருக்கி அதனுடன் கூட்ட வேண்டும். கிடைக்கும் மொத்த உந்தத்தைத் துப்பாக்கியின் நிறையால் வகுத்தால் துப்பாக்கி பின்வாங்கும் வேகம் கிடைக்கும். உந்தத்தின் இருமடியைத் துப்பாக்கி நிறையின் இரு மடங்கால் வகுத்தால் கட்டற்ற பின்னுதைப்பு ஆற்றல் கிடைக்கும். துப்பாக்கியை எதுவும் தாங்காமல் விட்டால் அதற்குக் கிடைக்கக்கூடிய இயக்க ஆற்றலே இவ்வாறு அழைக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். அதில் 11.7 கிராம் குண்டு, 3.6 கிராம் வெடிமருந்து, வினாடிக்கு 820 மீட்டர் குண்டு வேகம் எனக் கொண்டால், குண்டின் உந்தம் சுமார் 9.6 அலகுகளும் (கிலோகிராம் மீட்டர்/வினாடி) வளிமத்தின் உந்தம் சுமார் 5.2 அலகுகளும் ஆகும். மொத்தம் ஏறத்தாழ 14.8 அலகுகள்.

- 4.0 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கியில்: பின்வாங்கும் வேகம் வினாடிக்கு 3.7 மீட்டர், ஆற்றல் சுமார் 27 ஜூல்.
- 2.7 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கியில்: பின்வாங்கும் வேகம் வினாடிக்கு 5.5 மீட்டர், ஆற்றல் சுமார் 40 ஜூல்.

அதாவது எடை மூன்றில் ஒரு பங்கு குறையும்போது பின்னுதைப்பு ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. வேகமும் அதே விகிதத்தில் உயர்கிறது. உணரப்படும் உதையில் வேகத்தின் பங்கு முக்கியமானது. கனமான துப்பாக்கி மெதுவாகத் தள்ளுவது போலவும், இலகுவான துப்பாக்கி சுரீரெனக் குத்துவது போலவும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

குண்டின் இயக்க ஆற்றலோடு ஒப்பிட்டால் பின்னுதைப்பு ஆற்றல் மிகச் சிறியது. மேற்கண்ட குண்டின் ஆற்றல் சுமார் 3,900 ஜூல் ஆகும். இலகுவான துப்பாக்கியிலும் அதில் நூறில் ஒரு பங்கு மட்டுமே தோளை வந்தடைகிறது. உந்தம் இரு பக்கமும் சமமாகப் பகிரப்பட்டாலும், நிறை குறைந்த குண்டே ஆற்றலின் பெரும்பங்கைக் கொண்டு செல்கிறது.

கால அளவு

சுடுவிசை அழுத்தப்பட்டு வெடிமருந்து தீப்பற்றியபின், குண்டு குழலை விட்டு வெளியேற ஏறத்தாழ ஓராயிரத்தில் ஒரு பங்கு வினாடி அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான நேரமே ஆகிறது. அந்நேரத்தில் 2.7 கிலோகிராம் துப்பாக்கி சுமார் 3 மில்லிமீட்டர் மட்டுமே பின்வாங்கியிருக்கும். மனித உடல் ஒரு தூண்டலை உணர்ந்து எதிர்வினை ஆற்ற இதைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட நேரம் தேவை. எனவே சுடுபவர் உதையை உணரும்போது குண்டு குழலை விட்டு நெடுந்தூரம் சென்றிருக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. நிகழ்ந்துவிட்ட உதைக்கு உடல் காட்டும் எதிர்வினை குறியைக் கெடுக்க முடியாது. நிகழவிருக்கும் உதையை எதிர்பார்த்துக் காட்டும் எதிர்வினையே குறியைக் கெடுக்கிறது. எனினும் குண்டு குழலினுள் இருக்கும்போதே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுவதால், துப்பாக்கியைப் பிடிக்கும் முறை ஒவ்வொரு முறையும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். எடை குறைந்த துப்பாக்கியில் இந்த அசைவு கூடுதலாக இருப்பதால், பிடியில் ஏற்படும் சிறு மாறுபாடும் குண்டு படும் இடத்தை மாற்றக்கூடும்.

வரலாறு

எடை குறைந்த வேட்டை ரைபிள்கள் புதியன அல்ல. 1903-இல் அறிமுகமான ஆஸ்திரியாவின் மான்லிஷர்-ஷோனவர் 6.5 மில்லிமீட்டர் ரைபிளின் குட்டையான வடிவம் மலை வேட்டையாளர்களிடையே புகழ் பெற்றது. அதன் தோட்டா மிதமான ஆற்றல் உடையதாகையால், துப்பாக்கி இலகுவாக இருந்தும் உதை தாங்கத்தக்கதாக இருந்தது.

இந்தியாவில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடிய ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றமைக்காக 1907-இல் .275 ரிக்பி ரைபிள் ஒன்று பரிசளிக்கப்பட்டது. 7×57 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு ரிக்பி நிறுவனம் இட்ட பெயரே .275 ரிக்பி என்பதாகும். இது சுமப்பதற்கு எளியது, உதையும் குறைவு. கார்பெட்டிடம் .450/.400 அளவுள்ள கனத்த இரட்டைக்குழல் ரைபிளும் இருந்தது. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்பவர், பிறர் மிகப் பெரிய துப்பாக்கிகளைப் பயன்படுத்திய அக்காலத்தில், பெரும்பாலும் இதே 7 மில்லிமீட்டர் தோட்டாவைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். யானைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்ட இன்றைய நோக்கில் இது போற்றத்தக்க செயலன்று. ஆயினும் தோட்டாவின் பருமனை விடக் குண்டு படும் இடமே முக்கியம் என்பதற்குச் சான்றாக அவரது பட்டறிவு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, பிரித்தானியப் படை லீ-என்ஃபீல்டு ரைபிளைக் குட்டையாக்கி எடை குறைத்து 1944-இல் ஐந்தாம் எண் ரைபிளை உருவாக்கியது. பிற்காலத்தில் இது காட்டுக் கார்பைன் என்று பெயர் பெற்றது. நான்காம் எண் ரைபிளின் எடை ஏறத்தாழ 4.1 கிலோகிராம். இதன் எடை சுமார் 3.2 கிலோகிராம். தோட்டா மட்டும் அதே .303 ஆகும். உதையைக் குறைக்கக் கட்டையின் அடியில் ரப்பர் மெத்தை பொருத்தப்பட்டது. ஆனால் அம்மெத்தை குறுகலாக இருந்தமையாலும் காலப்போக்கில் இறுகிப் போனமையாலும், உதை சிறிய பரப்பில் குவிந்து மேலும் வலித்தது. மெத்தை இருப்பது மட்டும் போதாது, அதன் பரப்பும் மென்மையும் முக்கியம் என்பதை இத்துப்பாக்கி காட்டியது.

ஐக்கிய அமெரிக்காவில் 1952-இல் வின்செஸ்டர் நிறுவனம் தனது 70-ஆம் மாதிரி ரைபிளின் இறகெடை வடிவத்தை வெளியிட்டது. மெல்லிய குழலும் அலுமினியப் பாகங்களும் அதன் எடையைக் குறைத்தன. 1980-களில் கண்ணாடியிழை, கெவ்லர், கரிமயிழை ஆகியவற்றாலான கட்டைகள் பரவலாயின. அதன்பின் தொலைநோக்கியுடன் சேர்த்தும் 3 கிலோகிராமுக்குக் குறைவான துப்பாக்கிகள் எளிதில் கிடைக்கத் தொடங்கின. துப்பாக்கியின் எடை இவ்வாறு குறைந்து வந்த அதே காலத்தில் ஆற்றல் மிக்க மேக்னம் தோட்டாக்களும் விரும்பப்பட்டமையால், பின்னுதைப்புச் சிக்கல் முன்னெப்போதையும் விடப் பெரிதாயிற்று.

துணுக்கம்

துணுக்கம் என்பது சுடுவிசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடுதல், தோளை முன்தள்ளுதல், சுடுவிசையை வெடுக்கென இழுத்தல், தலையைத் தூக்குதல் ஆகிய தன்னிச்சையான செயல்களைக் குறிக்கும். இது கோழைத்தனத்தின் அடையாளம் அன்று. வலியோ பேரொலியோ வரவிருப்பதை முன்னரே கற்றுக்கொண்ட நரம்பு மண்டலத்தின் இயல்பான தற்காப்புச் செயலாகும். உடல் வலிமை மிக்கவரும் பல்லாண்டு பட்டறிவு உள்ளவரும் இதற்கு விலக்கல்லர்.

துணுக்கத்துக்கு உதை மட்டுமே காரணம் என எண்ணுவது தவறாகும். குழல்வாயில் எழும் ஒலியும் காற்றதிர்வும் அதற்கு இணையான காரணங்களாகும். வேட்டை ரைபிளின் ஒலி சுடுபவரின் காதருகே 160 டெசிபெல்லைத் தாண்டக்கூடும். திடீர் ஒலியால் செவிப்புலனுக்கு நிலையான கேடு விளையும் எல்லையாக 140 டெசிபெல் கொள்ளப்படுகிறது. எடை குறைப்பதற்காகக் குழலைக் குட்டையாக்கும்போது குழல்வாய் முகத்துக்கு நெருங்குவதால் ஒலியும் அதிர்வும் மேலும் கடுமையாகின்றன.

துணுக்கத்தைச் சுடுபவர் தாமே கண்டுகொள்வது கடினம். ஏனெனில் அது நிகழும் அதே கணத்தில் வெடியும் உதையும் அதை மறைத்துவிடுகின்றன. இதனைக் கண்டறியப் போலித் தோட்டாப் பயிற்சி பயன்படுகிறது. துணைவர் ஒருவர், சுடுபவருக்குத் தெரியாமல், உண்மையான தோட்டாக்களுக்கிடையே வெடிமருந்தற்ற போலித் தோட்டாக்களைக் கலந்து நிரப்புவார். போலித் தோட்டாவின்மீது சுடுவிசை அழுத்தப்படும்போது வெடியும் உதையும் நிகழா. அப்போது குழல் முனை தாழ்ந்தாலோ தோள் துள்ளினாலோ துணுக்கம் வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

உதையின் அளவும் தாங்குதிறனும்

எவ்வளவு உதை தாங்கத்தக்கது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அமெரிக்கத் தரைப்படையின் ஆயுதச் சோதனை நடைமுறை, தோளில் வைத்துச் சுடும் ஆயுதங்களுக்கு ஆற்றலுக்கேற்ற வரம்புகளை விதித்துள்ளது. அதன்படி சுமார் 20 ஜூலுக்குக் குறைவாயின் சுடும் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. 20 முதல் 41 ஜூல் வரை ஒருவர் நாளொன்றுக்கு 200 முறையும், 41 முதல் 61 ஜூல் வரை 100 முறையும், 61 முதல் 81 ஜூல் வரை 25 முறையும் சுடலாம். அதற்கு மேற்பட்டவற்றைத் தோளில் வைத்துச் சுடலாகாது. இவை பயிற்சி பெற்ற படைவீரர்களுக்கானவை. புதிதாகப் பழகுவோர்க்கு இவற்றை விடக் குறைந்த அளவே பொருந்தும்.

2.7 கிலோகிராம் துப்பாக்கியில் சில தோட்டாக்களின் தோராயமான உதை ஆற்றல் மேற்கூறிய முறையில் கணக்கிட்டுக் கீழே தரப்பட்டுள்ளது. குண்டின் எடையும் வெடிமருந்தின் அளவும் மாறும்போது இம்மதிப்புகளும் மாறும்.

- .243 வின்செஸ்டர் (6.5 கிராம் குண்டு): சுமார் 19 ஜூல்
- 7 மில்லிமீட்டர்-08 ரெமிங்டன் (9.1 கிராம் குண்டு): சுமார் 26 ஜூல்
- .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு (11.7 கிராம் குண்டு): சுமார் 40 ஜூல்
- .300 வின்செஸ்டர் மேக்னம் (11.7 கிராம் குண்டு): சுமார் 60 ஜூல்

இப்பட்டியலை முன்னர் கண்ட கணக்குடன் ஒப்பிட்டால் இரண்டு செய்திகள் புலப்படும். இலகு துப்பாக்கியில் 7 மில்லிமீட்டர்-08 தோட்டா தரும் உதை, 4 கிலோகிராம் துப்பாக்கியில் .30-06 தரும் உதைக்கு ஏறத்தாழ இணையானது. இலகு துப்பாக்கியில் .30-06 தரும் உதையோ, 4 கிலோகிராம் துப்பாக்கியில் .300 மேக்னம் தரும் உதைக்கு இணையாகிறது. அதாவது எடையைக் குறைக்கும் ஒருவர், தோட்டாவின் ஆற்றலிலும் ஒரு படி இறங்கினால் தமக்குப் பழகிய உதையையே பெறுவார்.

சமாளிக்கும் முறைகள்

தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்

மிகவும் பயன்தரும் முறை, தேவைக்கு மிஞ்சாத தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதாகும். 1955-இல் வெளிவந்த .243 வின்செஸ்டர், 1980-இல் வெளிவந்த 7 மில்லிமீட்டர்-08 ரெமிங்டன், 2007-இல் வெளிவந்த 6.5 கிரீட்மோர் முதலியன இலகு துப்பாக்கிகளுக்கு ஏற்றனவாகக் கருதப்படுகின்றன. ஒரே தோட்டா வகையிலும் எடை குறைந்த குண்டைத் தேர்ந்தெடுத்தால் உதை குறையும். சில நிறுவனங்கள் உதை குறைக்கப்பட்ட தோட்டாக்களையும் விற்கின்றன.

எனினும் ஆற்றலைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. பல நாடுகளில் விலங்குக்கேற்ற குறைந்தபட்ச ஆற்றல் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. செருமனியில் ரோ மானுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றலும், அதனை விடப் பெரிய குளம்புள்ள வேட்டை விலங்குகளுக்கு 2,000 ஜூல் ஆற்றலும் 6.5 மில்லிமீட்டர் விட்டமும் தேவை. இதனால் அங்கு .243 தோட்டாவைக் கொண்டு செம்மானைச் சுட இயலாது.

தோட்டாவைத் தாமே நிரப்புவோர், வெடிமருந்தை மனம்போனபடி குறைத்தல் ஆகாது. மெதுவாக எரியும் சில வெடிமருந்துகளை அளவுக்கு மீறிக் குறைத்தால் அழுத்தம் தாறுமாறாக உயர்ந்து துப்பாக்கி உடையும் இடர் உண்டு. உற்பத்தியாளரின் அட்டவணையில் உள்ள அளவுகளையே பின்பற்ற வேண்டும்.

கட்டையின் அமைப்பு

துப்பாக்கிக் கட்டை சுடுபவரின் உடலளவுக்குப் பொருந்தாவிட்டால் மிதமான உதையும் வலிக்கும். கட்டை மிக நீளமாயின் அது தோளின் குழியில் அமராமல் மேற்கையில் அமரும். மிகக் குட்டையாயின் தொலைநோக்கி கண்ணருகே வந்துவிடும். கட்டையின் மேல்விளிம்பு குழலின் திசைக்கு ஏறத்தாழ நேராக இருப்பின் உதை நேராகப் பின்னோக்கி வரும். அது மிகவும் தாழ்ந்திருப்பின் குழல் முனை மேலே எழும்பி, கட்டை கன்னத்தில் அடிக்கும்.

கட்டையின் அடியில் பொருத்தப்படும் ரப்பர் மெத்தை உந்தத்தைக் குறைப்பதில்லை. அது துப்பாக்கி நிற்பதற்கு ஆகும் நேரத்தை நீட்டி, உச்ச விசையைக் குறைக்கிறது. நேரம் இருமடங்கானால் சராசரி விசை பாதியாகும். அகன்ற மெத்தை அவ்விசையைப் பெரிய பரப்பில் பரப்புகிறது. மெத்தையைப் பொருத்தும்போது கட்டை நீளமாகிவிடாமல் மரத்தை அளவாக அறுக்க வேண்டியிருக்கலாம். குளிர்காலத் தடித்த உடையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குழல்வாய்த் தடுப்பானும் ஒலியடக்கியும்

குழல்வாய்த் தடுப்பான் என்பது துளைகள் கொண்ட ஒரு குழாய். அது வளிமத்தைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பி உதையைக் குறைக்கிறது. மேற்கண்ட .30-06 எடுத்துக்காட்டில் உந்தத்தின் 35 விழுக்காடு வளிமத்தால் வருவது. அதனை முற்றிலும் பக்கவாட்டில் திருப்பினால் 2.7 கிலோகிராம் துப்பாக்கியின் உதை 40 ஜூலிலிருந்து சுமார் 17 ஜூலாகக் குறையும். நடைமுறையில் கிடைக்கும் குறைவு பொதுவாக இதை விடச் சிறியது. ஆனால் இதற்கான விலை ஒலியாகும். தடுப்பான், ஒலியையும் அதிர்வையும் சுடுபவரை நோக்கியும் அருகில் நிற்பவரை நோக்கியும் திருப்புகிறது. காதுக்குப் பாதுகாப்பின்றி அதனைப் பயன்படுத்தினால் ஒருமுறை சுடுவதும் செவியைக் கெடுக்கலாம். தோள் வலியைக் குறைக்க முனைந்து, ஒலியால் துணுக்கத்தைக் கூட்டிக் கொள்வோரும் உண்டு.

ஒலியடக்கி, ஒலியையும் உதையையும் ஒருங்கே குறைக்கிறது. துப்பாக்கியின் முனையில் எடையைக் கூட்டுவதால் குழல் எழும்புவதும் குறைகிறது. பின்லாந்து, நோர்வே முதலிய நாடுகளில் வேட்டையில் இது இயல்பாகப் பயன்படுத்தப்படுகிறது. வேறு பல நாடுகளில் இதற்குத் தனி உரிமம் தேவை, அல்லது இது தடை செய்யப்பட்டுள்ளது.

எடை கூட்டுதல்

இலகு துப்பாக்கியில் எடை கூட்டுவது முரணாகத் தோன்றினாலும், பயிற்சிக்கு மட்டும் கூட்டுவது பயனுள்ளது. 2.7 கிலோகிராம் துப்பாக்கியில் அரை கிலோகிராம் கூட்டினால் .30-06 தோட்டாவின் உதை 40 ஜூலிலிருந்து 34 ஜூலாகக் குறையும். கட்டையினுள் எடைக்கட்டி வைத்தல், தோட்டாப் பையைக் கட்டையில் கட்டுதல் ஆகியன எளிய வழிகள்.

சுடும் நிலையும் பிடியும்

சுடுதளங்களில் மேசைமேல் துப்பாக்கியை ஊன்றி, அமர்ந்து சுடும்போதே உதை மிகக் கடுமையாக உணரப்படுகிறது. அந்நிலையில் உடல் முன்சாய்ந்து இறுகியிருப்பதால் உதையோடு பின்னசைய இயலாது. நின்று சுடும்போது இடுப்புக்கு மேற்பட்ட உடல் முழுவதும் பின்னசைந்து உதையை உள்வாங்குகிறது. குப்புறப் படுத்துச் சுடும்போதும் உதை கூடுதலாகத் தெரியும்.

மேசையில் சுடவேண்டிய தேவை, பெரும்பாலும் தொலைநோக்கியைச் சரிசெய்வதற்கு மட்டுமே. அப்போது பின்வருவன கடைப்பிடிக்கப்படுகின்றன:

- மேசையில் குனிந்து படுக்காமல், துப்பாக்கியின் தாங்கியை உயர்த்தி, உடலை நிமிர்த்தி அமர்தல்.
- கட்டைக்கும் தோளுக்கும் இடையே சிறு மணல் பையையோ தடித்த துணியையோ வைத்தல். இவ்வாறு செய்யும்போது கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் உள்ள தொலைவைச் சரிபார்த்தல் வேண்டும்.
- கட்டையைத் தோள் எலும்பின் மீதோ மேற்கையின் மீதோ வைக்காமல், கழுத்தெலும்புக்குக் கீழே தோளின் உட்குழியில் உறுதியாகப் பதித்தல்.
- முன்கையால் கட்டையின் முன்பகுதியைப் பிடித்தல். கனத்த துப்பாக்கியைத் தாங்கியின்மேல் தானாக இருக்க விடலாம். இலகு துப்பாக்கி துள்ளுமாதலால் அதனைப் பிடிக்க வேண்டும்.

கட்டையைத் தளர்வாகப் பிடித்தால் உதை குறையும் என்பது தவறான கருத்தாகும். தளர்வாகப் பிடித்த துப்பாக்கி இடைவெளியில் வேகம் பெற்றுத் தோளில் மோதும். உறுதியாகப் பதித்த துப்பாக்கியோ தொடக்கத்திலிருந்தே உடலின் நிறையையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு தள்ளும். ஆனால் உறுதி என்பது விறைப்பு அன்று. கழுத்தும் தோளும் விறைத்திருந்தால் வலியும் நடுக்கமும் கூடும்.

தொலைநோக்கியின் பின்விளிம்பு புருவத்திலிருந்து குறைந்தது 8 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி இருப்பது நல்லது. நெருக்கமாக இருப்பின் உதையின்போது அது புருவத்தில் பட்டு அரைவட்டமாகக் கிழிக்கும். மலைச்சரிவில் மேல்நோக்கிச் சுடும்போது தலை முன்னகர்வதால் இக்காயம் எளிதில் ஏற்படுகிறது.

பயிற்சி முறை

துணுக்கம் வருவதைத் தடுப்பது எளிது, வந்தபின் போக்குவது கடினம். எனவே பயிற்சி சிறிய உதையிலிருந்து தொடங்கப்படுகிறது.

முதற்படி வெற்றுச் சுடு பயிற்சியாகும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்து, பாதுகாப்பான திசையில் குறிவைத்து, குறி அசையாமல் சுடுவிசையை அழுத்திப் பழகுவர். இதில் உதையும் ஒலியும் இல்லாததால் கையும் கண்ணும் சரியான பழக்கத்தை மட்டும் கற்கின்றன. அடுத்து, அதே அளவும் எடையும் கொண்ட .22 துப்பாக்கியால் பயிற்சி தொடரும். அதன் உதை ஏறத்தாழ இல்லையெனலாம். இதில் தேர்ந்தபின்னரே வேட்டைத் துப்பாக்கி கையிலெடுக்கப்படும்.

வேட்டைத் துப்பாக்கியால் ஒரு நாளில் பத்து முதல் பதினைந்து முறைக்கு மேல் சுடாமலிருப்பது நலம். வலி தோன்றும் முன்னரே நிறுத்திக்கொள்ள வேண்டும். வலியோடு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் துணுக்கத்தையே பயிற்றுவிக்கும். இலகு துப்பாக்கியின் மெல்லிய குழலும் சில தோட்டாக்களிலேயே சூடேறி, குண்டு படும் இடத்தை மாற்றக்கூடியது. மூன்று முறை சுட்டபின் குழலை ஆறவிடுவது துப்பாக்கிக்கும் நல்லது, தோளுக்கும் நல்லது. இடைவேளையில் .22 துப்பாக்கியாலோ வெற்றுச் சுடு முறையிலோ பழகலாம்.

சுடுதளத்தில் காதடைப்பானும் அதன்மேல் காதுறையும் ஒருங்கே அணிவது செவியைக் காப்பதோடு துணுக்கத்தையும் வெகுவாகக் குறைக்கிறது. உதை கடுமையாக இருக்கிறது என முறையிட்டவர் பலர், இரட்டைக் காப்பு அணிந்தபின் அதே துப்பாக்கியை அமைதியாகச் சுடுவதுண்டு.

துணுக்கம் ஏற்கனவே வேரூன்றியிருப்பின், பெரிய துப்பாக்கியைச் சில வாரங்கள் முற்றிலும் ஒதுக்கி, முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்குவதே வழக்கமான தீர்வாகும்.

உடல்நலக் குறிப்புகள்

தோளில் கன்றிப்போதல், புருவக் காயம், தலைவலி ஆகியன பொதுவாகக் காணப்படும் விளைவுகள். இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களிடம், கட்டை பதியும் பக்கத்தில் முடுக்கியின் கம்பி உதையினால் சேதமடைந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அத்தகையோரும், தோளிலோ கண்ணிலோ அறுவை மருத்துவம் செய்துகொண்டோரும் மருத்துவரைக் கலந்தபின்னரே சுட வேண்டும்.

சட்டமும் அறமும்

சுடுபவரின் திறனைச் சோதிக்கும் சட்டங்கள் சில நாடுகளில் உள்ளன. பின்லாந்தில் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்வோர், 75 மீட்டர் தொலைவில் 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நான்கு குண்டுகளையும் செலுத்திக் காட்ட வேண்டும். நோர்வேயில் பெருவிலங்கு வேட்டையாளர் ஆண்டுதோறும் தேர்வில் வெற்றி பெற வேண்டும். இத்தகைய தேர்வுகளில், உதையை அஞ்சிச் சுடுபவர் தம் குறையைத் தாமே காண நேரிடுகிறது. காகித இலக்கில் தவறும் குண்டால் கேடில்லை. விலங்கின் வயிற்றிலோ காலிலோ படும் குண்டு நெடிய துன்பத்தைத் தருவது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டையைத் தடை செய்துள்ளது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் விலங்கு முதலிய சில நேர்வுகளில் மட்டும் உரிய அதிகாரியின் அனுமதியுடன் வேட்டை நிகழலாம். எனினும் இங்கு விளக்கப்பட்ட இயற்பியலும் பயிற்சி முறைகளும் விளையாட்டுச் சுடுநருக்கும் காவல்துறையினருக்கும் ஒருசேரப் பொருந்தும்.

பொதுவாக, தாம் துணுக்கமின்றிச் சுடக்கூடிய தோட்டாவே ஒருவருக்கு ஏற்ற தோட்டா எனக் கொள்ளப்படுகிறது. மிதமான ஆற்றலுடன் உரிய இடத்தில் படும் குண்டு விலங்கை விரைவாக வீழ்த்தும். பேராற்றலுடன் இடம் தவறிப் படும் குண்டு அவ்வாறு வீழ்த்தாது.